கர்ப்பப்பைக்குள் 'சதை வளர்ந்திருக்கு' என்றால் என்ன? பாலிப் பற்றி ஒரு எளிய விளக்கம்

சித்திக்கு 46 வயது. மூன்று மாதமாக, மாதவிடாய் முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடியும் சொட்டுச் சொட்டாக ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. 'நிற்கப்போகிற வயசு, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிச் சொல்லியே தள்ளிப்போட்டார். கடைசியில் நான்தான் ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்தவர், "உள்ளே கொஞ்சம் சதை வளர்ந்திருக்கும்மா, டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார். ஆட்டோவில் வரும்போதே சித்தி அம்மாவிடம் போனில் "கட்டியாம்" என்றார். ராத்திரி பெரியம்மா கூப்பிட்டபோது அது "கேன்சராமே?" என்று ஆகியிருந்தது.

ஒரே நாளில் மூன்று சொற்கள். ஆனால் ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே ஒரு வரி: எண்டோமெட்ரியல் பாலிப், 9 மி.மீ. x 6 மி.மீ., பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஒரு பொட்டுக்கடலை அளவு. அதுவும் 'இருக்கலாம்' என்ற சந்தேகம்தான். சித்தி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எத்தனையோ வீடுகளில் இதே கதை நடக்கிறது. ஆகவே பாலிப் என்றால் என்ன, அது எப்படி உருவாகிறது, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

## கர்ப்பப்பை ஒரு சுருக்குப்பை

கர்ப்பப்பை என்றதும் பலர் மனதில் வருவது பானை போல உள்ளே காலியான ஒரு பாத்திரம். உண்மையில் அது பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையைப் போன்றது. காலியாக இருக்கும்போது இரண்டு பக்கத் துணியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் இடமே தெரியாது. பையின் கீழ்முனையில் சுருக்கிக் கட்டிய வாய் இருக்கிறது. அதுதான் கர்ப்பப்பை வாய். மேலே இரண்டு மூலைகளிலும் கருக்குழாய்கள் வந்து சேர்கின்றன. மொத்த நீளமே ஏழெட்டு சென்டிமீட்டர்தான்.

இந்தப் பையின் சுவரில் மூன்று அடுக்குகள். வெளியே மெல்லிய உறை. நடுவில் தடித்த தசை, பிரசவத்தில் குழந்தையைத் தள்ளுவது இதுதான். உட்பக்கம், பைக்கு உள்துணி வைத்துத் தைத்தது போல ஒரு மெல்லிய படலம். இதை உள்சவ்வு என்போம். ரிப்போர்ட்டில் எண்டோமெட்ரியம் என்று வருவது இதைத்தான்.

இந்த மூன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாகத் தசைக்கும் உள்சவ்வுக்கும் உள்ள வேறுபாட்டை. 'கட்டி' என்ற சொல்லால் வருகிற குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

## மாதாமாதம் ஒரு நாற்றங்கால்

உள்சவ்வு நம் உடம்பின் மற்றப் படலங்களைப் போல ஒரே மாதிரி இருப்பதில்லை. மாதாமாதம் வளர்ந்து, உதிர்ந்து, மறுபடி வளர்கிறது. நாற்றங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். விதை விடுகிறோம், நாற்று எழும்புகிறது, பறித்துவிடுகிறோம், மண் அப்படியே இருக்கிறது. அடுத்த போகத்துக்கு அதே மண்ணிலிருந்து மறுபடியும் நாற்று.

உள்சவ்விலும் இந்த இரண்டு பகுதிகள் உண்டு. மாதவிடாயில் உதிரும் மேற்பகுதி நாற்று. உதிராமல் தசையோடு ஒட்டியிருந்து, அடுத்த மாதம் புதுச் சவ்வை முளைக்க வைக்கும் அடிப்பகுதி மண்.

இந்தப் பயிருக்குத் தண்ணீரும் உரமும் போல இருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். ஹார்மோன் என்றால் ஒரு உறுப்பில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, இன்னொரு உறுப்புக்குச் சேதி சொல்லும் பொருள். மாதவிடாய் முடிந்தவுடன் ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற உள்சவ்வு தடிக்கிறது. மாதவிடாய் முடிந்த கையோடு அளந்தால் 2 முதல் 4 மி.மீ. இருக்கும் சவ்வு, அடுத்த மாதவிடாய்க்கு முன்னால் 16 மி.மீ. வரைகூடப் போகலாம். மாதத்தின் நடுவில் கருமுட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்ட்ரோன் என்ற இரண்டாவது ஹார்மோன் வந்து, 'வளர்ந்தது போதும், இனி முற்று' என்று சொல்கிறது. கரு தங்காவிட்டால் இரண்டு ஹார்மோன்களும் மளமளவென்று இறங்கும். அந்த இறக்கம்தான் நாற்றுப் பறிப்பு. மேற்பகுதி முழுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உதிர்கிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'சவ்வு 13 மி.மீ. தடித்திருக்கிறது' என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் கலங்க வேண்டியதில்லை. மாதவிடாய்க்கு நான்கு நாள் முன்னால் எடுத்த ஸ்கேன் என்றால் அது வளர்ந்து நிற்கிற பயிர். எந்த நாளில் எடுத்தது என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கு அதே எண் வந்தால் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

## பறிக்காமல் விட்ட ஒரு குத்து

இப்போது பாலிப். நாற்றங்காலில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒரு குத்து, பக்கத்து நாற்றைவிட வேகமாக எழும்பித் தூர் கட்டுகிறது என்று வையுங்கள். எல்லா நாற்றையும் பறிக்கும்போது அது கையோடு வருவதில்லை. அடுத்த போகத்திலும் அது அங்கேயே நின்று இன்னும் கொஞ்சம் பெருக்கிறது. உள்சவ்வில் இப்படி நடப்பதுதான் எண்டோமெட்ரியல் பாலிப்.

சவ்வின் அடிப்பகுதியில் ஒரு சின்ன இடத்தில் செல்கள் அளவுக்கு மேல் பெருகுகின்றன. சவ்வில் என்னென்ன இருக்கிறதோ அதெல்லாம் பாலிப்பிலும் இருக்கும்: சுரப்பிகள், அவற்றைத் தாங்கும் இடைத்திசு, ரத்தக் குழாய்கள். குழாய்கள் மட்டும் சற்றுத் தடித்த சுவரோடு இருக்கும். புரோஜெஸ்ட்ரோன் சொல்கிற 'போதும், முற்று' என்ற சேதி பாலிப்புக்குச் சரியாகக் காதில் விழுவதில்லை. ஈஸ்ட்ரோஜன் சொல்கிற 'வளர்' மட்டும் கேட்கிறது. அதனால்தான் மற்றதெல்லாம் உதிரும்போது அது உதிராமல் தங்கிவிடுகிறது.

கழுத்தில், அக்குளில் சிலருக்கு மெல்லிய காம்போடு தொங்குகிற மரு இருக்குமே, பார்வைக்குப் பல பாலிப்புகள் அப்படித்தான் இருக்கும். காம்போடு தொங்கலாம், காம்பில்லாமல் திண்ணை போல அகலமாகவும் உட்கார்ந்திருக்கலாம். எள் அளவிலிருந்து சில சென்டிமீட்டர் வரை இருக்கும். ஒன்றே ஒன்று இருக்கலாம், நாலைந்தும் இருக்கலாம். பாலிப் என்ற பெயர் 'பல கால்கள் உள்ளது' என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மூக்கில், பெருங்குடலில் தொங்குகிற வளர்ச்சிகளுக்கும் இதே பெயர்தான். பெயர் ஒன்று என்பதால் அவை ஒரே நோய் ஆகிவிடாது. குடல் பாலிப் பற்றிப் படித்ததை வைத்துக் கர்ப்பப்பைப் பாலிப்புக்குப் பயப்படாதீர்கள்.

ஏன் அந்த ஓரிடத்தில் மட்டும்? பல பாலிப்புகளின் இடைத்திசுச் செல்களில், அந்த இடத்தில் மட்டும் குரோமோசோம் (செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழை) மாற்றங்கள் காணப்பட்டிருக்கின்றன. யார் யாருக்கு அதிகம் வருகிறது என்பதும் தெளிவாகத் தெரியும். நாற்பதுகளில் இருப்பவர்கள், மாதவிடாய் நின்றவர்கள், உடல் எடை கூடியவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்.

எடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். உடம்புக் கொழுப்பு சும்மா கிடக்கிற சரக்கு மூட்டை போலத் தோன்றினாலும், வேறு சில ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிற வேலையை அது செய்துகொண்டேயிருக்கிறது. மாதவிடாய் நின்று சினைப்பைகள் ஓய்ந்த பிறகும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் இருப்பது பெரும்பாலும் இதனால்தான். தமாக்சிஃபென் விஷயம் இன்னும் விசித்திரம். மார்பகத்தில் அது ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது, கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்கிறது. அதற்காக அந்த மாத்திரையை யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. அது உயிர் காக்கிற மருந்து. ரத்தம் பட்டால் உடனே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பாலிப் வெளியிலிருந்து வந்த பொருள் இல்லை, நம் உள்சவ்வேதான், ஓரிடத்தில் கூடுதலாக வளர்ந்து உதிராமல் நின்றுவிட்டது. நம்மூரில் பலர் நம்புவது போல 'கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிக் கட்டியாகிவிட்டது' என்பது சரியல்ல. உடம்புச் சூட்டினாலோ, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்ததாலோ வருவதும் இல்லை.

## எல்லாவற்றுக்கும் 'கட்டி' என்றால்?

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று போக வேண்டும். வீட்டுக்குள் பரவுகிற பயத்தில் பெரும்பங்கு இந்த ஒரு சொல்லால் வருவது. கர்ப்பப்பை சம்பந்தப்பட்ட நாலைந்து வெவ்வேறு விஷயங்களை நாம் 'கட்டி' என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம்.

சுருக்குப்பைக்கே திரும்புவோம். பையின் நடு அடுக்கான தசையில் உருண்டையாக வளர்வது ஃபைப்ராய்டு, தமிழில் நார்க்கட்டி. கையால் தொட்டால் பச்சை நெல்லிக்காய் மாதிரி கெட்டியாக இருக்கும். ஆரஞ்சுப் பழம் அளவுக்கும் அதற்கு மேலும் வளரக்கூடும். பாலிப் உள்துணியில் வருவது, மென்மையானது. சில நார்க்கட்டிகள் தசையிலிருந்து உள்பக்கமாகத் துருத்திக்கொண்டு வரும், அப்போது ஸ்கேனில் இரண்டையும் பிரித்துச் சொல்வது சிரமம். ரிப்போர்ட்டில் கேள்விக்குறி போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உள்துணி முழுவதும் ஒரேயடியாகத் தடித்துப்போவது ஹைப்பர்பிளாசியா, அதாவது சவ்வு மிகைவளர்ச்சி. இது ஓரிடத்தில் நிற்காது, பரவலாக இருக்கும். இதில் ஒரு வகை, செல்களின் உருவமே மாறியிருக்கும் வகை, புற்றுநோய்க்கு முந்தைய படி என்பதால் மருத்துவர்கள் கூடுதல் கவனம் வைப்பார்கள். சவ்வுத் திசு தசைக்குள்ளேயே புகுந்து வளர்வது அடினோமயோசிஸ். கர்ப்பப்பை வாயிலிருந்து தொங்குவது வாய்ப் பாலிப், இதை ஸ்கேன் இல்லாமலே மருத்துவர் கண்ணால் பார்த்துவிடுவார். 'நீர்க்கட்டி' என்று இளம்பெண்களுக்குச் சொல்லப்படுவது சினைப்பையில் வருவது. அதற்கும் பாலிப்புக்கும் இடமே வேறு.

2011-இல் மகப்பேறு மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிகோ, முறைதவறிய ரத்தப்போக்கின் காரணங்களை ஒன்பதாக வகுத்தது. மருத்துவர்கள் அதை 'பாம்-கோயின்' என்ற பெயரில் நினைவில் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பெயரின் முதல் எழுத்தே பாலிப்பைத்தான் குறிக்கிறது. அடுத்தடுத்து அடினோமயோசிஸ், நார்க்கட்டி, புற்றுநோயும் மிகைவளர்ச்சியும் என்று போகிறது. உலகம் முழுக்க மருத்துவர்களுக்கே ஒரே சொல்லை ஒரே பொருளில் பேச ஒரு பட்டியல் தேவைப்பட்டிருக்கிறது. நாமும் வீட்டில் 'கட்டி' என்று நிறுத்தாமல், 'எந்தக் கட்டி, எந்த அடுக்கில்?' என்று கேட்டுவிட்டால் பாதித் தூக்கம் திரும்பிவிடும்.

## ஏன் ரத்தம் படுகிறது?

பல பாலிப்புகள் எந்தத் தொந்தரவும் தருவதில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும்.

தொந்தரவு தந்தால் பெரும்பாலும் ரத்தப்போக்காகத்தான் தரும். பாலிப்பின் நுனி ஒட்டியிருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவில் உரசிக்கொண்டிருக்கிறது. அங்கே ரத்தம் தேங்கிக் கன்றிப்போய், மேல்தோல் சிறிது கிழிந்தாலும் கசியும். உள்சவ்வின் மாதக் கணக்கு அதற்குக் கிடையாது. அதனால் இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் சொட்டுச் சொட்டாகப் படலாம், மாதவிடாயே அதிகமாகப் போகலாம், நாள்கள் நீளலாம், மாதவிடாய் நின்று வருடங்கள் ஆன பிறகு திடீரென்று கறை தெரியலாம். பாலிப்பின் அளவுக்கும் ரத்தத்தின் அளவுக்கும் சம்பந்தம் கிடையாது. மிளகு அளவு பாலிப் மாதக்கணக்கில் படுத்தும். நெல்லிக்காய் அளவு சத்தமில்லாமல் கிடக்கும்.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு இன்னொரு கவலை. பாலிப் கருக்குழாய் வாயை மறைக்கலாம், கரு ஒட்டிக்கொள்ள வேண்டிய சவ்வின் சூழலைக் கெடுக்கலாம். பாலிப் இருந்தும் கருத்தரித்தவர்கள் நிறையப் பேர் உண்டு என்பதும் உண்மை. 2005-இல் ஸ்பெயினிலிருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. கர்ப்பப்பைக்குள் விந்தணுவைச் செலுத்தும் சிகிச்சைக்குக் காத்திருந்த, பாலிப் உள்ள பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். முன்கூட்டியே பாலிப்பை எடுத்த பிரிவில் 64 பேர் கருவுற்றார்கள், எடுக்காத பிரிவில் 29 பேர். எடுத்தவர்களில் பலர் அந்தச் சிகிச்சை தொடங்கும் முன்பே கருவுற்றிருந்தார்கள். குழந்தையின்மைக்கு வேறு காரணம் தெரியாதபோது மருத்துவர்கள் பாலிப்பை முதலில் எடுத்துவிடச் சொல்வது இதனால்தான்.

## இது புற்றுநோயா?

நேராகவே பதில் சொல்கிறேன்: பெரும்பாலும் இல்லை. மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருக்கும் பெண்களில், எடுத்துச் சோதித்த 100 பாலிப்புகளில் ஒன்றிரண்டில்தான் புற்றோ அதற்கு முந்தைய மாற்றமோ இருக்கும். மாதவிடாய் நின்றவர்களில் அது ஏறக்குறைய 5. ரத்தம் படுகிறவர்களுக்கு வாய்ப்பு கூடுதல், தற்செயலாகத் தெரியவந்தவர்களுக்குக் குறைவு.

ஆக, 46 வயதில் 9 மி.மீ. பாலிப் என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து 'கேன்சராமே' என்பது கணக்குப்படியே தவறு. அதே கணக்குதான் இன்னொன்றையும் சொல்கிறது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரே ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், 'சூட்டுக்கு வந்திருக்கும்' என்று விடக் கூடாது. அந்த வயதில் ரத்தம் பட்டவருக்கு உள்சவ்வு 4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. அதற்கு மேல் இருந்தால் சவ்வை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் இதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். மகனிடம் எப்படிச் சொல்வது, மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று துணியை மறைவாகத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் 60 வயதில் அம்மாவோ அத்தையோ இருந்தால், ஒரு தடவை நீங்களாகக் கேட்டுவிடுங்கள்.

பாப் பரிசோதனை செய்தாகிவிட்டது, எல்லாம் நார்மல் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை. பைக்குள் இருக்கும் பாலிப்பை அது பார்ப்பதில்லை.

## சுருக்குப்பைக்குள் எப்படிப் பார்ப்பது?

காலிச் சுருக்குப்பைக்குள் ஒரு கிராம்பு ஒட்டிக்கொண்டிருந்தால் வெளியிலிருந்து தடவிக் கண்டுபிடிப்பது கஷ்டம். வயிற்றின் மேல் வைத்து எடுக்கிற ஸ்கேன் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது. சின்னப் பாலிப் அதில் தவறிப்போகலாம். பிறப்புறுப்பு வழியாக மெல்லிய கருவியை வைத்து எடுக்கும் 'உள் ஸ்கேன்' கர்ப்பப்பைக்கு மிக அருகில் போவதால் தெளிவாகக் காட்டும். கொஞ்சம் சங்கடமாக இருக்கும், வலி பெரிதாக இருக்காது.

எந்த நாளில் எடுப்பது என்பது முக்கியம். மாதவிடாய் தொடங்கி 10 நாளுக்குள் எடுத்தால் நல்லது. அப்போது நாற்றுப் பறித்த வயல் போலச் சவ்வு மெலிந்திருக்கும், நிற்கிற ஒற்றைக் குத்து பளிச்சென்று தெரியும். மாதக் கடைசியில் எடுத்தால் தடித்த சவ்வுக்குள் பாலிப் இருப்பது, வெள்ளைத் துணியில் வெள்ளை நூலைத் தேடுவது போலாகிவிடும். அதே காரணத்தால், சவ்வின் ஒரு மடிப்பு பாலிப் மாதிரி தெரிந்து, அடுத்த மாதம் எடுத்தால் ஒன்றும் இல்லாமல் போவதும் உண்டு. ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், காம்பு வழியாக ஒற்றை ரத்தக் குழாய் உள்ளே போவது தெரிந்தால் பாலிப் என்ற சந்தேகம் வலுக்கும்.

இன்னும் தெளிவு வேண்டுமென்றால் பையைக் கொஞ்சம் உப்ப வைக்க வேண்டும். மெல்லிய குழாய் வழியாகச் சில மில்லி உப்புநீரை உள்ளே செலுத்திவிட்டு ஸ்கேன் எடுப்பார்கள். ஒட்டியிருந்த சுவர்கள் விலகி, நடுவில் பாலிப் தண்ணீரில் மிதக்கிற மாதிரி தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே, நேராகக் கண்ணால் பார்ப்பது. அதற்குப் பெயர் ஹிஸ்டெரோஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை அகநோக்கி. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய், அதன் நுனியில் விளக்கு, கேமரா. கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே போகும், வயிற்றில் எங்கும் வெட்டு கிடையாது. இந்த முறையின் தொடக்கமே பாலிப்போடு சேர்ந்ததுதான். 1869-இல் பாண்டலியோனி என்ற இத்தாலிய மருத்துவர், மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டுக்கொண்டிருந்த 60 வயதுப் பெண் ஒருவரின் கர்ப்பப்பைக்குள் முதன்முதலாக இப்படிப் பார்த்தார். உள்ளே பாலிப் போன்ற வளர்ச்சி இருந்தது. திசுவைக் கருக்கும் வேதிப்பொருளான வெள்ளி நைட்ரேட் வைத்து அதைச் சுட்டார். கேமராவும் திரையும் இல்லாத காலத்தில், விளக்கொளியில் ஒற்றைக் கண்ணால் பார்த்துச் செய்த வேலை அது.

## எடுக்க வேண்டுமா, விடலாமா?

எல்லாப் பாலிப்பையும் எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. மாதவிடாய் வந்துகொண்டிருக்கிற பெண், பாலிப் 1 செ.மீ.க்கும் குறைவு, எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் சில மாதம் கழித்து மறு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். ஒரு வருடத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பாலிப் தானாகவே மறைந்துவிடுகிறது, பெரும்பாலும் சின்னவை. ரத்தம் படுகிறதா, குழந்தைக்கு முயல்கிறார்களா, மாதவிடாய் நின்றவரா, பெரிதாக இருக்கிறதா, தமாக்சிஃபென் சாப்பிடுகிறாரா? இவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதே பொதுவான வழக்கம்.

எடுப்பது ஹிஸ்டெரோஸ்கோப்பி வழியாகவே. அதே குழாய்க்குள் சின்னக் கத்தரியோ மின்கம்பி வளையமோ போய்ப் பாலிப்பை அடிக்காம்போடு வெட்டி எடுக்கும். பெரும்பாலும் காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். நாலைந்து நாள் லேசாக ரத்தம் படும். கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுவது, கிருமித் தொற்று போன்ற சிக்கல்கள் அரிது. ஆனால் இல்லவே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காய்ச்சல், கடுமையான வயிற்றுவலி, நாற்றமடிக்கும் வெள்ளை, அதிக ரத்தம் என்றால் உடனே திரும்பப் போக வேண்டும்.

'டி அண்ட் சி' என்று நம் அம்மாக்களுக்குப் பழக்கமான, சுரண்டி எடுக்கும் முறை பாலிப்புக்கு ஏற்றதில்லை. பார்க்காமல் உள்ளே விடுகிற கரண்டி போன்ற கருவி அது. காம்பில் தொங்குகிற பாலிப் இப்படியும் அப்படியும் நழுவிவிடும். சுரண்டியாகிவிட்டது, ரிப்போர்ட்டும் நார்மல், ஆனால் ரத்தம் மட்டும் நிற்கவில்லை என்று அலைபவர்களில் சிலருக்கு நடந்திருப்பது இதுதான். ஆகவே 'கேமரா வைத்துப் பார்த்து எடுப்பீர்களா?' என்று கேட்பதில் தப்பில்லை.

மூன்று மாதம் கருஞ்சீரகப் பொடி சாப்பிட்டால் கரைந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். சித்திக்கும் சொன்னார்கள். பாலிப் கரைகிற உறைந்த ரத்தம் அல்ல, ரத்த ஓட்டத்தோடு உயிருள்ள திசு. தானாக மறைகிற பாலிப் அந்த மூன்று மாதத்தில் மறைந்தால் பெயர் பொடிக்குப் போகும். மறையாமல் ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் ஹீமோகுளோபின் குறைந்து படியேற மூச்சு வாங்கும். ஹார்மோன் மாத்திரைகள் சில நாள் ரத்தத்தை அடக்கலாம், நிறுத்தியதும் பெரும்பாலும் பழைய கதைதான்.

## கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால்?

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. முதலில் போன ஒரு மருத்துவமனையில் சித்தியிடம், "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு? எடுத்துட்டா நிம்மதி" என்றார்கள். பொட்டுக்கடலை அளவு ஒன்று இருக்கிறதோ இல்லையோ என்று கேள்விக்குறி போட்ட ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன யோசனை அது. மருவை எடுக்கக் கையை எடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 3 பேர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இந்த விகிதம் இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் இளம் வயதிலேயே கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பையை இழந்தது 2019-இல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஆபரேஷனோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் அந்த நாளே மாதவிடாய் நிறுத்தம் தொடங்கிவிடும். எலும்புத் தேய்மானமும் இதய நோயும் முன்கூட்டியே வரும் வாய்ப்பு கூடும்.

கர்ப்பப்பையை எடுக்க நியாயமான காரணங்கள் உண்டு. சோதனையில் புற்றுநோய் தெரிந்தால், உருமாறிய செல்களோடு மிகைவளர்ச்சி இருந்தால், வேறு எதற்கும் அடங்காத ரத்தப்போக்கு இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். சாதாரணப் பாலிப் அந்தப் பட்டியலில் இல்லை. திசுச் சோதனை ரிப்போர்ட் வருவதற்கு முன் யாராவது தேதி குறிக்கச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள்.

## அந்தச் சின்ன பாட்டில்

சித்தி இரண்டாவது மருத்துவரிடம் போனார். அடுத்த மாதவிடாய் தொடங்கிய எட்டாம் நாள் மறு ஸ்கேன், அதிலும் இருந்தது. அதற்கடுத்த வாரம் ஹிஸ்டெரோஸ்கோப்பி. உள்ளே போய் அரை மணி நேரம் இருக்கும், நர்ஸ் வெளியே வந்து மூடி இறுக்கிய ஒரு சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலை என் கையில் கொடுத்து லேப்பில் கொடுக்கச் சொன்னார். ஃபார்மலின் திரவத்துக்குள் வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு துணுக்கு, காம்பு போல ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பமே ஒரு மாதம் தூங்காமல் கிடந்தது இதற்காகவா என்று அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

அந்த பாட்டில் லேப்புக்குப் போவதை உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலானவை தீங்கற்றவை என்று சொன்னேனே, உங்களுடையது அந்தப் பெரும்பாலானவற்றில் ஒன்றுதானா என்பதை நுண்ணோக்கியின் கீழ் பார்த்துத்தான் சொல்ல முடியும். ரிப்போர்ட்டை வாங்கி, மருத்துவரிடம் காட்டி, பத்திரமாக வையுங்கள். பிறகு எப்போதாவது ரத்தம் பட்டால் அந்தத் தாள் தேவைப்படும்.

திரும்ப வருமா என்று சித்தி கேட்டார். வரலாம். சவ்வின் மண் அங்கேயேதானே இருக்கிறது, வேறொரு இடத்தில் இன்னொரு குத்து எழும்பலாம். அடிக்காம்போடு எடுக்காமல் விட்டிருந்தால் பழையதே துளிர்க்கலாம். அடிக்கடி வருகிறவர்களுக்கு, புரோஜெஸ்ட்ரோன் வகை ஹார்மோனைச் சிறுகச் சிறுக வெளிவிடும் ஒரு சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைப்பதுண்டு. அது சவ்வை மெலிதாகவே வைத்திருக்கும்.

சித்தியின் ரிப்போர்ட் பத்தாம் நாள் வந்தது. தீங்கற்ற எண்டோமெட்ரியல் பாலிப், உருமாறிய செல்கள் இல்லை. பெரியம்மாவுக்கு அவரே போன் செய்து, "கட்டி இல்லக்கா, பாலிப். பா-லிப்" என்று இரண்டு தடவை சொன்னார்.